பால்வீதி வழக்கு

திருவண்ணாமலை
22-7-1979

அன்பு மச்சான் பலராமனுக்கு,

அருணகிரி எழுதுவது. நானும் உன் அக்கா தங்கம்மாளும் குழந்தை சந்திரகலாவும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக எழுதுகிற வரி என்று நினைக்காதே. இந்த மாதம் அதை உறுதி செய்துகொண்டுதான் எழுத வேண்டியிருந்தது. ஸ்கைலாப் எங்கள் மேல் விழவில்லை. உங்கள் ஊட்டி மேலும் விழவில்லை என்று பேப்பரில் பார்த்தேன். நீயும் ராணியம்மாளும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்?

அமெரிக்காக்காரன் மேலே விட்ட வீடு உடைந்து விழப்போகிறது என்று ரேடியோவில் சொன்னதும் ஊரே ஆடிப்போய்விட்டது. கீழ்பென்னாத்தூரில் பம்புசெட் ரிப்பேர் செய்கிற இருசப்பன், "செத்தா பசியோட சாவக் கூடாது" என்று வளர்த்த சேவல் நாலையும் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டான். விழவில்லை என்று தெரிந்த மறுநாள், சேவலுக்கு யார் பதில் சொல்வது என்று எங்கள் தாலுகா ஆபீசுக்கு மனு கொண்டுவந்தான். அதை நகல் எடுத்தது நான். பதினெட்டு வருஷமாக அடுத்தவன் எழுதியதைப் பார்த்து எழுதுகிற உத்தியோகம். சொந்தமாக நான் எழுதுவது உனக்குப் போடும் கடிதம் ஒன்றுதான்.

டீக்கடையில் எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது நான்தான் தைரியம் சொன்னேன். "என் மச்சான் ஊட்டியில ஆகாசத்தை ஒட்டுக் கேக்கற ஆபீஸ்ல இருக்கான். அவன்கிட்ட கேட்டுட்டேன். நம்ம ஊர் மேல விழாது." உன்னைக் கேட்கவே இல்லை. ஆனால் நீ சொன்னது பலித்துவிட்டது பார். இப்போது தேரடித் தெருவில் உனக்கு ஏக மரியாதை.

அதில் வந்தது ஒரு சண்டை. ஜவுளிக்கடை பரசுராமன், "மேல நம்மள மாதிரி அறிவு இருக்கற எவனும் கிடையாது, எல்லாம் வெறும் நெருப்பும் கல்லும்" என்கிறான். நான், "கீழயே உன்னை மாதிரி இருக்கும்போது மேல கொஞ்சம் ஜாஸ்தி அறிவோட எவனாவது இருப்பான்" என்றேன். நீ சொல். இந்தப் பால்வீதியில் நம்மைத் தவிர ஆள் உண்டா, இல்லையா?

உன் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. பதில் போடு.

உன் மாமா,
அருணகிரி


ஊட்டி
9-8-1979

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

பலராமன் வணக்கம். கடிதம் கிடைத்தது. நானும் ராணியும் சுகம். இங்கே ஒரு மாதமாக மழை விடவில்லை. அக்கா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த அளவு எழுதுகிறேன். இங்கே ஆளைத் தேடவில்லை மாமா. நட்சத்திரங்களிலிருந்து வருகிற ரேடியோ இரைச்சலைக் கேட்கிறார்கள். அது பேனா போட்ட கோடாகக் காகிதத்தில் விழும். ஆனால் டீ நேரத்தில் பெரியவர்கள் இதைப் பேசுவது உண்டு. பால்வீதியில் பத்தாயிரம் கோடிக்கு மேல் நட்சத்திரம், ஒன்றில்கூட யாரும் இல்லை என்றால்தான் அதிசயம் என்பார் ஒருவர். இருந்தால் இவ்வளவு காலத்தில் ஒரு அடையாளமாவது தெரிந்திருக்காதா என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் நிறையப் படித்தவர்கள். டீ ஆறிப்போகும், முடிவு வராது.

நான் அந்தப் பேச்சில் சேர்வதில்லை. எனக்கு வேலை பெரும்பாலும் வெளியில்.

ஒரு வேண்டுகோள். டீக்கடையில் என் பெயரை எடுக்காமல் இருந்தால் நல்லது.

குழந்தைக்கு என் முத்தம்.

பலராமன்


திருவண்ணாமலை
2-9-1979

மச்சானுக்கு,

அக்கா ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். கொடுத்துக்கொண்டதாக என்னிடம் சொன்னாள். வீட்டில் மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உன் மழை நின்றதா?

உன் பெயரை எடுக்காதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே ஜாஸ்தி எடுத்துவிட்டேன். நான் என்ன செய்ய.

விஷயம் இதுதான். எங்கள் தெரு மன்றம் வருகிற காணும் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைக்கிறது. தலைப்பு: "பால்வீதியில் நம்மைப்போல் அறிவுள்ள உயிர் உண்டா, இல்லையா?" உண்டு என்ற அணிக்கு நான் தலைவன். இல்லை என்ற அணிக்குப் பரசுராமன். நடுவர் யார் என்று கேட்டபோது ஊரே ஒரே குரலில் சொன்னது உன் பெயரை. அந்த ஒரே குரல் என்னுடையது என்று உன் அக்கா சொல்கிறாள். பொறாமை.

பட்டிமன்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு, உனக்கும் தெரியும். கடைசியில் நடுவர் ஒரு பக்கம் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். போன வருஷம் "குடும்பத்துக்குத் தூண் மாமியாரா மருமகளா" என்று வைத்தோம். நடுவர் "இரண்டும் இரண்டு கண்கள்" என்று மழுப்பிவிட்டு இறங்கினார். ஜனம் அவரைப் பஸ் ஏறவிடவில்லை. திரும்ப மேடைக்குக் கூட்டிவந்து, மருமகள் என்று சொல்லவைத்துத்தான் அனுப்பினார்கள். அவருடைய அம்மா அவரோடு இன்னும் பேசுவதில்லை என்று கேள்வி.

நீ விஷயம் தெரிந்தவன். ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

அருணகிரி


ஊட்டி
24-9-1979

மாமாவுக்கு வணக்கம்.

இங்கு நாங்கள் நலம். மழை நின்றது, பனி ஆரம்பம்.

பொங்கலுக்கு வர முடியாது மாமா. டிசம்பர், ஜனவரியில் இங்கே லீவு கேட்பது சரியில்லை. ராத்திரிப் பனியில் ஆன்டெனாக் கம்பி சுருங்கி இறுகும், பகல் வெயிலில் தொய்யும். ஒன்று அறுந்தால் பக்கத்துக் கம்பியையும் இழுக்கும். காலையில் பனி உருகுவதற்குள் ஒரு நடை முழுவதும் பார்த்துவிட வேண்டும். அரை கிலோமீட்டர் நீளம். வெயில் ஏறும் நேரம் கம்பி எல்லாம் ஒன்றாக மின்னும்போது பார்க்க வேண்டுமே, நெய்து முடித்த பட்டுபோல இருக்கும்.

எதையோ எழுதிவிட்டேன். நடுவராக வேறு நல்லவரைப் போடுங்கள். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை.

அக்காவுக்கு என் அன்பு. முழங்கால் எப்படி இருக்கிறது என்று அக்காவையே கேட்டு எழுதுங்கள்.

பலராமன்


திருவண்ணாமலை
10-10-1979

மச்சானுக்கு,

முழங்காலை நேரில் விசாரித்தேன். "போய் வேலையப் பாரு" என்றது. ஆகவே சுகம்.

வேறு நடுவரைப் போடு என்கிறாய். எப்படிப் போடுவது? நோட்டீஸ் அச்சாகிவிட்டது. தீபாவளிக் கூட்டம் அச்சகத்தில் அதிகமாவதற்குள் அடித்துவிட வேண்டும் என்று அவசரம். ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், பார். "நடுவர்: விண்வெளி விஞ்ஞானி திரு. பலராமன் அவர்கள், ஊட்டி." உன் பெயரைச் சிவப்பு மையில் போடச் சொன்னேன். என் பெயர் எவ்வளவு சின்னதாக இருக்கிறது கவனி. மூக்குக் கண்ணாடி இல்லாமல் என்னாலேயே படிக்க முடியவில்லை. அவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

ஊரில் ஐநூறு ஒட்டியாயிற்று. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர் ஒருத்தர் நோட்டீசைக் காட்டி இன்னது என்று கேட்டார். விளக்கினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கும்பிட்டார். அந்தக் கும்பிடு உனக்குச் சேர வேண்டியது, வாங்கி வைத்திருக்கிறேன்.

பனி ஒரு நாலு நாள் உன்னை விட்டுவிட்டு இருக்கட்டும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. ராணியம்மாளுக்கு என் ஆசி.

அருணகிரி


திருவண்ணாமலை
18-11-1979

மச்சானுக்கு,

தீபாவளி போய் ஒரு மாதம். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் ஒரு கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? ராணியம்மாளுக்கா? இதோடு பதில் கார்டு சேர்ந்தே வருகிறது. விலாசம்கூட நானே எழுதிவிட்டேன். நீ "சுகம்" என்று மூன்று எழுத்துப் போட்டால் போதும்.

உன் மௌனத்தால் எனக்கு ஒரு லாபம் உண்டு, அதையும் சொல்கிறேன். டீக்கடையில் பரசுராமன் தன் வாதத்தை ஒத்திகை பார்த்தான். "மேல ஆள் இருந்தா இத்தனை காலத்துல ஒரு கடுதாசி போட்டிருக்க மாட்டானா?" நான் எழுந்தேன். "என் மச்சான் ஊட்டியில இருக்கான். ரெண்டு மாசமா கடுதாசி இல்ல. அதுக்காக மச்சானே இல்லன்னு ஆயிடுமா? எதுக்குப் போடலயோ, அவனுக்கு இன்னா சங்கடமோ." கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்தேன். பரசுராமனின் சகலபாடி ஊட்டிக்கு டூர் போனானாம். அங்கே உன்னைப் பார்த்தானாம். இரும்புச் சட்டத்தின் மேல் ஏறி, கையில் ஸ்பேனரோடு, உடம்பெல்லாம் கிரீசாக இருந்தாயாம். "விஞ்ஞானி இல்லய்யா உன் மச்சான், மேடையில வச்சு கேக்கறேன் இரு" என்று பரசுராமன் கடை வாசலில் நின்று சொன்னான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் கடையில் வாங்கின சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் சட்டையையே பிடித்தேன்.

அவன் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பொய் இல்லை என்றாலும் எழுது.

அருணகிரி


திருவண்ணாமலை
9-12-1979

தம்பி பலராமனுக்கு அக்கா தங்கம்மாள் எழுதறது.

நான் நல்லா இருக்கேன். நீ சாப்பிடறியா, தூங்கறியா? அஞ்சாவது படிச்ச எழுத்து, தப்பு இருந்தா சிரிக்காதே. இந்தக் கடுதாசி போடறது உங்க மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா இதையும் டீக்கடையில படிச்சிடுவாரு.

தீபம் நல்லபடியா ஆச்சு. சாயங்காலம் மாடியில நின்னு மலையைப் பாத்துட்டு இருந்தோம். மேல ஜோதி தெரிஞ்சதும் தெருவெல்லாம் வீட்டு விளக்கு ஏத்தினாங்க. நானும் ஏத்தினேன். கீழ்பென்னாத்தூர்லயும் அந்த நேரம் பாத்து ஏத்துவாங்க இல்ல. மேல கொப்பரையில திரியைக் கொளுத்தறவங்களுக்கு, யார் யார் பாத்து ஏத்தினாங்கன்னு தெரியவா போவுது. அவங்க வேலை கொளுத்தறது. உன்னை நெனச்சுக்கிட்டேன்.

நேரா சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்ன சந்திரகலாவுக்குக் காது குத்தும்போது தாய்மாமன்னு உன் மடியில உக்கார வச்சோம். அவ அழுதான்னு நீ கன்னத்தைப் பிடிச்சே. அப்பவே உன் உள்ளங்கையைப் பாத்துட்டேன். கம்பி அறுத்த கோடு, காய்ப்பு, நகத்துக்கடியில போகாத கறுப்பு. பேனா பிடிக்கற கை இல்ல அது. நம்ம அப்பாரு கை மாதிரி இருந்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்.

உங்க மாமாகிட்ட நான் சொல்லல. அவரு உன்னைப் பெருசாச் சொல்லும்போது அவரு மூஞ்சி அவ்ளோ பிரகாசமா இருக்கும்.

நீ வரணும். விஞ்ஞானியா வரவேணாம். வா.

அக்கா
தங்கம்மாள்


ஊட்டி
20-12-1979

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. உன் கடிதம் வந்த பிறகு நலம். ராணி அதை இரண்டு முறை படித்தாள்.

நான் ஃபிட்டர் அக்கா. ஒன்பது வருஷமாக ஃபிட்டர். ஆன்டெனாவில் ஆயிரத்து நூறு கம்பி இருக்கிறது, நாலைந்து தலைமுடி சேர்ந்த தடிமன். அதை இழுத்துக் கட்டுவது, சட்டம் திரும்புகிற கியருக்குக் கிரீஸ் போடுவது, இவை என் வேலை. விஞ்ஞானி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் காதுகுத்து அன்று "சயின்டிஸ்ட் வந்துட்டாரு" என்று தனி நாற்காலி போட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அன்று வாயைத் திறக்காததால் மூன்று வருஷம் ஊருக்கு வர முடியாமல் போயிற்று.

என் வேலையில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்தான் வெட்கம்.

வருகிறேன். பரசுராமன் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். மாமாவிடம் வருகிறேன் என்று மட்டும் சொல். மற்றதை மேடையில் நானே சொல்லிக்கொள்கிறேன். மாமா மனம் நோகுமோ என்பது ஒன்றுதான் பயம்.

முழங்காலோடு மாடி ஏறாதே.

தம்பி
பலராமன்


திருவண்ணாமலை
22-1-1980

என் மச்சானுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? கூட்டம் முடிந்த கையோடு சேலம் பஸ் ஏறிவிட்டாய். பனியில் கம்பி காத்திருக்கும் என்றாய். நான் தடுக்கவில்லை. வீட்டில் மூவரும் சுகம். அக்கா தெருவில் நடக்கிற நடையைப் பார்த்தால் முழங்கால் என்று ஒன்று அவளுக்கு எப்போதும் இருந்ததாகவே தெரியவில்லை.

நீ மேடையில் இருந்தாய், நானும் பரசுராமனும் பேச முறை வரும்வரை கீழே உட்கார்ந்திருந்தோம். கீழே நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நடுவர் முன்னுரைக்கு நீ எழுந்தபோது நான் விரலில் சொடக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "நோட்டீஸ்ல விஞ்ஞானின்னு போட்டிருக்கு. நான் விஞ்ஞானி இல்லீங்க. ஃபிட்டர். கம்பி கட்டறவன்" என்றாய். பள்ளிக்கூட மைதானம் நிறைய ஜனம், அத்தனை பேர் முன்னால். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கை தோன்றும், உனக்குத் தெரியும். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. உன் பெயரை நான் வெளிச்சம் போட்டதில் நீதான் கூசிப்போனாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் பரசுராமன் சட்டைப்பையிலிருந்து எடுத்திருந்த துண்டுச் சீட்டை நாலாக மடித்து உள்ளே வைத்தான். உன்னைக் கவிழ்க்க வைத்திருந்த கேள்வி. நீயே பதில் சொல்லிவிட்ட பிறகு அவன் எதைக் கேட்பான்?

பின்னாலிருந்து ஒருத்தன், "அப்போ ஃபிட்டர் எப்படிப்பா தீர்ப்பு சொல்றது?" என்று கத்தினான். அது உன் காதில் விழுந்தது. அடுத்து நடந்தது விழுந்திருக்காது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் உன் அக்கா எழுந்து நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் திரும்பி நின்று சொன்னாள்.

"ஆயிரத்து நூறு கம்பி. ஒண்ணு தொய்ஞ்சாலும் ஆகாசம் கேக்காது. கட்டினது என் தம்பி. அவன் சொல்லாம நீ சொல்லுவியா?"

இருசப்பனும் எழுந்துவிட்டான். "ஃபிட்டர்னா கம்மியாய்யா? உங்க பம்புசெட்டுல தண்ணி வரலன்னா பிஏ படிச்சவனையா கூப்பிடறீங்க?" அதற்குப் பிறகு வந்த கைதட்டல் உனக்குத் தெரியும். அது ஏன் ஆரம்பித்தது என்று இப்போது தெரிந்துகொள்.

நானும் பரசுராமனும் பேசியதை விடு. தொண்டை கட்டியதுதான் மிச்சம். உன் தீர்ப்பைத்தான் ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. நீ சொன்னதை நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன், வார்த்தை மாறாமல்:

"படிச்சவங்க கேக்கறாங்க. காது ஒழுங்கா இருக்கான்னு பாக்கறது நான். ஒன்பது வருஷத்துல ஒரு கம்பி தொய்ஞ்சு ஒரு நாள் கேக்காம போச்சுன்னு யாரும் சொன்னதில்ல. இதுவரைக்கும் ஆளோட குரல் ஒண்ணும் வரல. ஆனா நாம கேட்டது கொஞ்சம். தேரடித் தெருவுல ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம், திறக்கல. அதுக்காக வட ஆற்காடு ஜில்லாவுலயே ஆள் இல்லன்னு எழுதிட முடியுமா? இருக்காங்கன்னும் எழுத முடியாது. ரெண்டு தரப்பும் சாட்சி கொண்டாரல. அதனால வாய்தா."

பட்டிமன்றத்தில் வாய்தா போட்ட நடுவரை இந்த ஊர் பார்த்ததில்லை. "எவ்ளோ நாளைக்குய்யா?" என்று கேட்டார்கள். "நான் ரிடையர் ஆகறதுக்குள்ள வந்துதுன்னா நானே வந்து சொல்றேன். இல்லன்னா எனக்கப்புறம் கம்பி கட்டறவன் சொல்லுவான்" என்றாய். மருமகள் என்று சொல்லவைத்து அனுப்பிய அதே ஜனம் எழுந்து நின்று கும்பிட்டது. நானும் எழுந்தேன். உண்டு என்ற அணித் தலைவன், ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை. அவ்வளவு பெருமையாக நான் எந்தப் பட்டிமன்றத்திலிருந்தும் இறங்கியதில்லை.

விஞ்ஞானி என்று போட்டது என் வேலை. பதினெட்டு வருஷம் பார்த்து எழுதுகிறவன் சொந்தமாக ஒரு வார்த்தை எழுதினேன், அது தப்பாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

மன்றத்தில் நேற்றுக் கூடி ஒரு முடிவு எடுத்தோம். சொன்னவன் பரசுராமன். "வாய்தா போட்ட வழக்கைப் போட்டவருதான் விசாரிக்கணும். அடுத்த காணும் பொங்கலுக்கு அவரே வரணும். அப்பவும் சாட்சி இல்லன்னா அதுக்கு அடுத்த பொங்கலுக்கும்." ஒருத்தரும் மறுக்கவில்லை. ஆக நீ இனி வருஷா வருஷம் ஊருக்கு வந்தாக வேண்டும். தப்ப முடியாது.

ராணியம்மாளையும் கூட்டி வா.

உன் மாமா,
அருணகிரி


ஊட்டி
5-2-1980

மாமாவுக்கும் அக்காவுக்கும்,

இருவருக்கும் என் நமஸ்காரம். நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். இரண்டு கம்பிதான் தொய்ந்திருந்தது, மறுநாள் காலையிலேயே கட்டிவிட்டேன். ராணிக்கு மாமாவின் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அக்கா எழுந்து நின்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். பிறகு அவளே வாங்கி மீதியைப் படித்தாள்.

மன்னிப்பு எல்லாம் எதற்கு மாமா. என்னைப் பெரிதாகச் சொல்ல ஊரில் ஒருவர் இருந்தார் என்பது எனக்குக் கம்மியா?

அடுத்த காணும் பொங்கலுக்கு ஆஜராவோம், இரண்டு பேரும். லீவுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். ஆபீசில் எதற்கு என்று கேட்டார்கள். ஒரு வழக்கு இருக்கிறது என்றேன். யார் மேல் என்றார்கள். சொன்னதும் டீ ஆறும்வரை சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், "தீர்ப்பு சரி" என்றார்.

நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று இந்த முறையும் நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். வார்த்தை மாறாமல் நகல் எடுத்து அச்சகத்தில் கொடுங்கள்:

ஃபிட்டர் பலராமன், ஊட்டி.

ஃபிட்டர் என்ற எழுத்தைச் சிவப்பில் போடுங்கள். பெரிதாக இருக்கட்டும்.

பலராமன்